சீனித்தாய் வீடு பின்னால் போன கதை

மேலக்கரட்டூரில் தண்ணித்தொட்டித் தெரு என்று ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள் உண்டு, ஒன்றில் மூத்தவன் பெண்டாட்டி தங்கமாரியும் மற்றொன்றில் இளையவன் பெண்டாட்டி சீனித்தாயும் குடியிருந்தார்கள் என்று ஆரம்பித்தாலே கேட்பவர்கள் குடுமிப்பிடிச் சண்டையை எதிர்பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்னவென்றால், ஒரு வைகாசி மாதத்துக் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த சீனித்தாய், தன் வீடு தெருவை விட்டு ஒரு முழம் பின்னால் போயிருப்பதைப் பார்த்தாள்.

முந்தின நாள் போட்ட கோலம் தெருவோரத்தில் போட்டபடி இருந்தது. கோலத்துக்கும் படிக்கும் நடுவில், வீடு கட்டிய நாளிலிருந்து வெயிலையே பார்த்திராத ஒரு துண்டு மண் கறுப்பும் ஈரமுமாக வெளியே வந்திருக்க, அதில் மண்புழுக்கள் போகும் வழி தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தன. மேலே ஒரு ஓடு சரியவில்லை, அடுப்படியில் மூடி வைத்த பால் தளும்பவில்லை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த புருஷன் பவுன்ராஜ் புரண்டுகூடப் படுக்கவில்லை. நடுச்சுவர் மட்டும் நீளவாக்கில் இரண்டு பலகையாகப் பிரிந்து, ஒன்று தங்கமாரி வீட்டோடு நின்றுவிட, மற்றொன்று சீனித்தாய் வீட்டோடு கூடவே வந்திருந்தது. அவள் வாளியும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வேறென்ன செய்வது என்று புது மண்ணுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தாள்.

தெரு அதைப் பார்த்தது, பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. பால்காரர் படி தட்டுப்படாமல் ஒரு தடவை தடுமாறி, மறுநாளிலிருந்து காலை எட்டி வைக்கப் பழகிக்கொண்டார். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த ராஜகனி, "என்ன சீனித்தாயி, வீடு கொஞ்சம் உள்ள தள்ளிப் போச்சு போலருக்கே" என்று, யாரோ முடி வெட்டிக்கொண்டதை விசாரிப்பதுபோலக் கேட்டாள். "ஆமா மதினி" என்றாள் இவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த நடுச்சுவரில், ஒரு கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. மருமகள்கள் இரண்டு பேரும் வாசல் வழியாகச் சுற்றி வராமல் குழம்பும் மோரும் மாற்றிக்கொள்ளட்டும் என்று மாமனார் கட்டும்போதே விட்டது. பல வருஷம் அந்தப் பொந்து வழியாகக் கிண்ணங்கள் போயின, வந்தன. கையை மட்டும் பார்த்தே அக்காளுக்கு இன்றைக்குக் காய்ச்சலா கோபமா என்று சீனித்தாய் கண்டுபிடித்துவிடுவாள். அப்படியிருந்த பொந்தை அவளே அடைத்தாள், அதற்குக் காரணம் ஒரு சேலை.

சாத்தூரில் ஒரு கல்யாணம். சீனித்தாயிடம் அப்போது நல்ல பட்டு இல்லாததால் தங்கமாரியிடம் கேட்டு அவளுடைய மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். போனவள் அன்றைக்கு ராணியாட்டம்தான் இருந்தாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளுக்கும் அது தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்தபோது எதிர் வரிசையிலிருந்து தங்கமாரி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், ஆனால் தன் பெரிய தொண்டையில், "ஏத்தா, பாத்து உக்காரு, சேலையில சாம்பார் பட்டுரப் போகுது" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வரிசையும் நிமிர்ந்து சேலையைப் பார்த்தது, பிறகு சீனித்தாயைப் பார்த்தது, பிறகு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தது. அன்றைக்கு அவளுக்குத் தொண்டையில் இறங்காத சோறு அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இறங்கவில்லை. இனி ஒருத்தர் வாசலில் போய் இரவல் என்று நிற்பதில்லை என்று அவள் மனசுக்குள் துண்டு போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தாள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மணிக்கு ஒரு பாட்டுப் பாடுகிற பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிவந்து அந்தப் பொந்தை மறைத்து மாட்டினாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரம் மாட்டிய மறுநாள் காலைதான் வீடு ஒரு முழம் போயிருந்தது.

அதற்கப்புறம் அவள் வாங்கினாள். எதையெல்லாம் ஒருத்தரிடம் கேட்க வேண்டிவரும் என்று தோன்றியதோ அதையெல்லாம் வாங்கினாள். வருஷத்துக்கு ஒருநாள் வேண்டியிருக்கும் முறுக்கு உரலை வாங்கினாள், ஊர்ப்பொங்கலுக்கு மட்டும் ஏற்றும் குத்துவிளக்கில் ஒரு ஜோடி வாங்கினாள், வராத விருந்தாளிக்கு மெத்தை வாங்கினாள், அந்த மெத்தைக்குக் கட்டில் வாங்கினாள், கட்டிலுக்குத் தோதாக நிலைக்கண்ணாடி வாங்கினாள், மாம்பழ நிறத்திலேயே பட்டு வாங்கினாள், அது போதாதென்று அரக்கில் ஒன்று, மயில்கழுத்தில் ஒன்று. தண்ணி லாரி ஓட்டுகிற பவுன்ராஜின் சம்பளம் முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போனது. வீடும் அது போன திசையிலேயே முழம் முழமாகப் போனது, தூங்குகிறவர்களை எழுப்பாமல், மூடி வைத்த பாலைச் சிந்தாமல், வயிறு நிறைந்த பசு பின்காலை எடுத்து வைப்பதுபோல அவ்வளவு அமைதியாக.

தெருவும் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. வீட்டுக்கு முன்னால் விழுந்த வெற்றிடத்தில் முதலில் கோழிகள் கிளறின, பிறகு ஆடுகள் படுத்தன, பிறகு பிள்ளைகள் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். மின்வாரியத்து ஆட்கள் வந்து, கம்பி இழுபடுகிறது என்று இடையில் ஒரு கம்பம் நட்டார்கள், கொஞ்ச மாதம் கழித்து வந்து இன்னொன்று நட்டார்கள். தபால்காரர் சீனித்தாய் வீட்டுத் தபாலைச் சேர்த்து வைத்து வாரத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்த சர்வேயர் சங்கிலியைப் போட்டு அளந்து, மறுபடியும் அளந்து, "பட்டா இங்க இருக்கு, வீடு அங்க இருக்கு, நான் எதுல கையெழுத்துப் போட?" என்று கேட்டுவிட்டு மோர் குடித்துப் போனார். முன்பெல்லாம் வாசலில் நின்று, "யக்கா, தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டால் பதில் வரும். இப்போது கத்தினாலும் காற்று பாதியிலேயே வாங்கிக்கொண்டது. சாயங்காலம் பெண்கள் தெருவில் கூடிப் பூக்கட்டுவதை அவள் தன் படியில் உட்கார்ந்து பார்ப்பாள். சிரிப்பது தெரியும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது தெரியாது. அவளுக்குப் பின்னால் மூன்று மெத்தையும் இரண்டு கடிகாரமும் இருந்தன.

அவளுடைய மகன் முகிலனுக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. தங்கமாரி தன் மகனுக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் குத்தினாள் என்பதால், சீனித்தாய் பெரிய மண்டபம் பிடித்து, வாசலில் யானை உயரத்துக்குப் பேனர் வைத்து, மேலே பறந்து படம் பிடிக்கிற கேமரா வைத்துத்தான் குத்துவது என்றிருந்தாள். அதற்கு மட்டும் இன்னும் கை எட்டவில்லை.

இப்படியே வருஷங்கள் போக, ஒரு ஐப்பசியில் மழை வந்தது. தெருவுக்குப் பின்னால், பொட்டலைத் தாண்டி, பாறை உடைத்து உடைத்துக் கைவிட்ட ஒரு கல்கிடங்கு உண்டு. பனைமரத்தை நிறுத்தினாலும் முழுகிப்போகும் ஆழம். மழைக்கு அது விளிம்புவரை நிரம்பிப் பச்சையாக நின்றது. மழை விட்ட ஒரு காலையில் சீனித்தாய் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தாள், திறந்த கையோடு நின்றாள். கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கும் இடம்தான் பாக்கி இருந்தது. அதற்கப்புறம் வானமும் தண்ணீரும். அந்த ஒற்றை ஆள் இடத்தில் முகிலன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிடங்குத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் திரும்புவான், திரும்பினால் சறுக்குவான் என்று தெரிந்தது. எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, கதவுக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு சாமான், ஒரு பேனர், ஒரு மண்டபம், அவ்வளவுதான், வீடு கிடங்குக்குள் போய்விடும் என்பது அவளுக்கு அப்போது உச்சந்தலையில் அடித்ததுபோல் தெரிந்தது.

பவுன்ராஜ் லாரியைக் கொண்டுவந்து, வடத்தால் வீட்டு நிலையையும் லாரியையும் சேர்த்துக் கட்டி, தெருவைப் பார்த்து இழுத்தான். வடம் விண்ணென்று நின்றது, சக்கரம் சேற்றைக் கிளப்பியது, கடைசியில் லாரிதான் பின்னால் வந்தது. சீனித்தாய் சாமான்களை அள்ளிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பார்த்தாள். கட்டில் போனது, கண்ணாடி போனது, மெத்தை போனது. வீட்டில் எதிரொலி கேட்டதே தவிர வீடு அசையவில்லை.

அன்றைக்கு மதியம் ராஜகனி தலைமையில் தெருப் பெண்கள் பொட்டலைக் கடந்து வந்தார்கள். தங்கமாரி வரவில்லை. வந்தவர்கள் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் ராஜகனி. "இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். நீ அரிசி வாங்குனப்போ வீடு போகல. பயலுக்கு மருந்து வாங்குனப்போ போகல. கோடைக்குக் காத்தாடி வாங்குனியே, அப்பவும் போகல. அதுக்கு மேல கலர் லைட்டு போட்ட காத்தாடி ஒண்ணு வாங்குன பாரு, அன்னைக்குப் போச்சு."

"தெரிஞ்சா ஏன் மதினி சொல்லல?"

"எங்கிட்டுச் சொல்ல? நீதான் எதையும் கேக்கவே மாட்டேங்கியே."

சீனித்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மண்டபம் வேண்டாம், பிள்ளைக்கு வீட்டிலேயே காது குத்திவிடலாம், ஆனால் வருகிற சனத்துக்கு இட்லி அவிக்கக்கூட வீட்டில் பெரிய பாத்திரம் இல்லையே, இருந்ததையும் இரும்புக்குப் போட்டாச்சே என்றாள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்களே ஒழிய வாயைத் திறக்கவில்லை. அவளாகக் கேட்கட்டும் என்று இருந்தார்கள். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று, கேட்டு வாழ்ந்த அவர்களுக்குத் தெரியாதா. அவளுக்குக் காதில் சாத்தூர்ப் பந்தியின் அமைதி கேட்டது.

"மதினி," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இட்லிக் கொப்பரையக் குடுப்பீங்களா?"

"எங்க வீட்ல கெடக்கு, எடுத்துக்க தாயி" என்றாள் ராஜகனி.

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, வீடு ஒரு முழம் முன்னால் வந்தது. இந்தத் தடவை எல்லாரும் விழித்திருந்ததால் எல்லாரும் பார்த்தார்கள். ஜன்னலில் தெரிந்த வேப்பமரம் சாவகாசமாகப் பக்கத்தில் வந்து நின்றது. தரை குலுங்கவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வயிற்றுக்குள் ஊஞ்சலில் போனதுபோல ஒரு கூச்சம் ஏற்பட்டது. ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். பின்கதவைத் திறந்து பார்த்தால், இரண்டு ஆள் நிற்க இடம் இருந்தது.

அன்றிலிருந்து தண்ணித்தொட்டித் தெருவுக்கு இதே வேலையாகப் போனது. சீனித்தாய் டவுனுக்குக் கிளம்பினால் இரண்டு பெண்கள் கூடவே மினி பஸ்ஸில் ஏறினார்கள். கடை வாசலில் அவள் கால் நின்றால், கண் பளபளத்தால், கை நீண்டால், ஒருத்தி காதோரம், "எங்க வீட்ல கெடக்கு" என்பாள். பிளாஸ்கைப் பார்த்தாளா, எங்க வீட்ல கெடக்கு. ஜமுக்காளத்தைத் தடவினாளா, எங்க வீட்ல கெடக்கு. முத்துமாலை செட்டில் கண்ணை வைத்தாளா, அது எங்க வீட்டிலயும் இல்ல, ஆனா ஒனக்கு எதுக்குத்தா என்று சிரித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். சில நாள் அவள் கோபித்தாள், ஒருநாள் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு கண்ணாடி யானை வாங்கிவந்து அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். மறுநாள் வீடு ஒரு முழம் போனதைத் தெருவே பார்த்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ராஜகனி மட்டும் கொண்டைக்கடலை ஊறப்போட்ட சட்டியோடு வந்து, "அடுப்பு நம்ம வீட்ல எரியல, ஒன் வீட்ல அவிச்சுக்கவா?" என்று கேட்டாள். சீனித்தாய்க்கு அந்தக் கேள்வியில் இருந்த தயவு புரிந்தது. யானையைப் பானையிலிருந்து எடுத்து ராஜகனியின் பேத்திக்கு விளையாடக் கொடுத்தாள்.

கேட்கக் கேட்க அவள் நாக்குக்கும் வழக்கமாகிவிட்டது. தேங்காய்த் துருவி கேட்டாள், ஏணி கேட்டாள், ஒரு கை கறிவேப்பிலை கேட்டாள், தலை பின்னிவிட ஆள் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் வீடு வந்தது, கம்பங்களைத் தாண்டி வந்தது, ஆடுகளை எழுப்பிவிட்டு வந்தது, கிரிக்கெட் பிள்ளைகள் வைதுகொண்டே குச்சியைப் பிடுங்கி முன்னால் நட்டார்கள். அது வருவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தூரத்துச் சிரிப்புக்கு இப்போது அவளுக்குக் காரணமும் கேட்டது, பாதி நேரம் காரணமே அவள்தான். மாசி முடியும்போது வீடு தங்கமாரி வீட்டை உரசிக்கொண்டு, சுவரோடு சுவர் தேய்த்து நகர்ந்து, தெருவுக்கு ஒரு முழம் பாக்கியில் நின்றுவிட்டது.

அந்த ஒரு முழம் மட்டும் நகரவில்லை. தங்கமாரி வீட்டைத் தவிர அவள் கேட்காத வீடில்லை, கேட்காத சாமானில்லை. மேளக்காரருக்கும் காது குத்துகிற ஆசாரிக்கும் சொல்லியாயிற்று, முகிலனின் தாய்மாமன் வேல்ச்சாமி, லாரி நிறையச் சீர் கொண்டுவர வேண்டாம் என்ற சேதி கேட்டு அக்காள் சீனித்தாய்க்குப் போனிலேயே கும்பிடு போட்டாயிற்று. வீடு அசையக் காணோம். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த பொந்தில் கையை விட்டால் செங்கல்தான் தட்டியது.

காது குத்துகிற அன்று காலையில் சீனித்தாய் குளித்து, ஈரத்தலையோடு, பழைய நூல்சேலையில் தங்கமாரியின் வாசலில் போய் நின்றாள். தங்கமாரி உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"யக்கா," என்றாள் சீனித்தாய். "ஒங்க மாம்பழக் கலர் பட்டு... இன்னைக்கு ஒருநாள் கட்டிக்கிறேன்."

அவளிடமே அதே நிறத்தில் பட்டு இருந்தது தங்கமாரிக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள், பீரோ திறக்கும் சத்தம் கேட்டது, நெடுநேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்து சேலையைக் கையில் வைத்தபோது, "அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்கு அப்பத் தெரியலத்தா" என்றாள். "வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுச்சு. பொந்து வழியாச் சொல்லலாம்னு வந்தேன். கடியாரம் மாட்டிருந்த."

வீடு அப்போதும் நகரவில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

தெருவை அடைத்து இரவல் பந்தல், இரவல் ஜமுக்காளம், எட்டு வீட்டுக் கொப்பரைகளில் இட்லி. முகிலன் மாமன் மடியில் உட்கார்ந்து ஆசாரியைக் கடிக்கப் பார்த்து, குத்திய பிறகு வாயில் வைத்த வெல்லத்தோடு அழுகையை நிறுத்தினான். பந்தி உட்கார்ந்தது. சீனித்தாய் மாம்பழப் பட்டில், எதிர் வரிசையில் தங்கமாரி. பவுன்ராஜ்தான் சாம்பார் வாளியோடு வந்தான், லாரி ஓட்டுகிற கைக்கு வாளி எங்கே பிடிபடும், கரண்டி ஆடி, ஒரு கரண்டி சாம்பார் அப்படியே சேலை மடியில் கொட்டியது.

இரண்டு வரிசையும் நிமிர்ந்தது. அந்தச் சேலை யாருடையது என்று அங்கே தெரியாத ஆள் இல்லை. சீனித்தாய் இடது கையால் மடியை மூடிக்கொண்டாள். தங்கமாரி இலையிலிருந்து கையை எடுக்காமல், தன் பெரிய தொண்டையில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"படட்டும்த்தா. சேலைதான? நீ நல்லாச் சாப்பிடு."

அப்போது வீடு வந்தது. பந்தியில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு திரும்பிப் பார்க்கப் பார்க்க, வருஷக்கணக்கில் வெளியூரில் இருந்தவன் தன் வாசல்படி ஏறுவதுபோலத் தயங்கித் தயங்கி அந்த ஒரு முழத்தையும் கடந்து வந்து நின்றது. பிளந்த சுவர் இரண்டும் பழையபடி ஒன்றோடொன்று பொருந்தியபோது பெரிய சத்தம் ஏதும் கேட்கவில்லை, யாரோ நிம்மதியாக மூச்சு விட்டமாதிரி இருந்தது. கோழிகள்கூடக் கிளறுவதை நிறுத்தியிருந்தன. பிறகு ராஜகனி, "எல பாத்து ரசத்த ஊத்துங்கப்பா" என்றாள், பந்தி தொடர்ந்தது.

சாயங்காலம் சனமெல்லாம் போன பிறகு சீனித்தாய் அந்தக் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். பொந்து வழியாக அந்தப் பக்கத்து அடுப்பு வெளிச்சம் வந்து அவள் கையில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் வழியாக ஒரு கை நீண்டது, காய்ச்சலும் இல்லாத கோபமும் இல்லாத கை, அதில் ஒரு காலி டம்ளர்.

"தாயி, கொஞ்சம் புளி இருக்கா?" என்று தங்கமாரி கேட்டாள். "வாங்க மறந்துட்டேன்."

போன வாரம்தான் தங்கமாரி வருஷத்துக்கும் சேர்த்துப் புளி வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, பெரிய பானையில் அடைத்தாள் என்பது தெருவுக்கே தெரியும். சீனித்தாய் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்ல கெடக்குக்கா" என்றாள்.